வீட்டு வாசலுக்கு வரும் இணையம்

(நுகர்வோர் சங்கப் பொறுப்பாளர்களும் ஊராட்சிப் பிரதிநிதிகளும் கலந்துகொண்ட பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



வீடுகளுக்கு வரும் இணைய இணைப்புகளின் வகைகளை ஒப்பிட்டுப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். ஒப்பிடுவது என்றதும் எது வேகம் மிகுந்தது, எது விலை குறைந்தது என்ற இரு கேள்விகளே முதலில் எழும். விளம்பரங்களும் இவ்விரண்டைத்தான் பேசுகின்றன. ஆனால் அந்த வழியை நாம் எத்தனை பேருடன் பகிர்ந்துகொள்கிறோம் என்பதையும், அது அறுந்துபோனால் யார் வந்து எத்தனை நாளில் சரிசெய்வார் என்பதையும் கேட்காமல் இணைப்புகளை எடைபோட இயலாது. இன்று இந்தக் கண்ணோட்டத்திலேயே ஒவ்வொன்றையும் பார்க்க விழைகிறேன்.

அதற்கு முன்பாக ஒரு கணக்கு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புள்ளிவிவரப்படி, 2024ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் பிராட்பேண்ட் இணைப்புகளின் எண்ணிக்கை 94 கோடியைத் தாண்டியிருந்தது. உலகில் சில நாடுகளே எட்டியுள்ள எண்ணிக்கை இது. ஆனால் அவற்றில் கம்பி அல்லது கண்ணாடி இழை வழியாக ஒரு கட்டடத்திற்குள் வரும் இணைப்புகள் சுமார் 4 கோடி மட்டுமே. மற்றவை ஏறக்குறைய அனைத்தும் கைபேசிகள். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போதே நம் நாட்டில் சுமார் 25 கோடிக் குடும்பங்கள் இருந்தன. அந்த 4 கோடியிலும் அலுவலகங்கள், கடைகள், வங்கிக் கிளைகள் ஆகியவை அடங்கும். ஆதலால், இந்தியாவில் இணையம் பெரும்பாலும் ஆளுக்கு வந்திருக்கிறதேயன்றி வீட்டுக்கு வரவில்லை எனலாம்.

இதனால் என்ன குறை என்று கேட்கலாம். கைபேசி அதன் உரிமையாளரோடு காலையில் வெளியே சென்றுவிடுகிறது. குடும்பத்தில் ஒரே கைபேசி இருந்து அது தந்தையின் சட்டைப்பையில் இருக்குமானால், அவர் மாலை திரும்பும் வரை அந்த வீட்டில் இணையம் இல்லை. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் திரைவழியே நடந்தபோது இந்த வேறுபாட்டைக் கோடிக்கணக்கான குடும்பங்கள் நேரில் உணர்ந்தன. இரண்டு குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் வகுப்பு. வீட்டில் கைபேசியோ ஒன்று. பெரும்பாலும் எந்தக் குழந்தையின் வகுப்பு விட்டுப்போயிற்று என்பதை இங்குள்ள தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் சுவரோடு நிற்கும் ஓர் இணைப்பு, அந்த வீட்டில் உள்ளவர்களில் யார் வலியவர், யார் எளியவர் என்று பார்ப்பதில்லை.

தாமிரக் கம்பி

வீட்டு இணையத்தின் முதற்கட்டம் தொலைபேசிக் கம்பியோடு தொடங்கியது. 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்துவிட்டது. மோடம் என்னும் கருவி, கணினியின் செய்தியை ஒலியாக மாற்றித் தொலைபேசி வழியே அனுப்பும். தொடக்கத்தில் வேகம் வினாடிக்கு 9.6 கிலோபிட். இன்றைய கைபேசிகள் எடுக்கும் ஒரு மெகாபைட் அளவுள்ள சாதாரணப் புகைப்படம் ஒன்றை அந்த வேகத்தில் பெறுவதற்கு ஏறத்தாழ 14 நிமிடங்கள் ஆகும். அந்த நேரம் முழுவதும் தொலைபேசிக் கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து யாரும் அழைக்கவும் முடியாது. பின்னர் மோடங்களின் வேகம் 56 கிலோபிட் வரை உயர்ந்தது. குரலுக்காக அமைந்த வழியில் அதற்கு மேல் செல்ல இடமில்லை.

மனிதக் குரலைத் தொலைபேசியில் கொண்டு செல்லச் சுமார் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்களே போதும். ஆனால் அதே தாமிரக் கம்பி ஆயிரம் கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் தாங்கும். மேலே வெறுமனே கிடந்த அந்தப் பகுதியைத் தரவுக்குப் பயன்படுத்தியதே ஏ.டி.எஸ்.எல். முறை. வீட்டில் ஒரு சிறு வடிகட்டி குரலையும் தரவையும் பிரித்துவிடுவதால் பேசிக்கொண்டே இணையத்தையும் பயன்படுத்தலாம். மைய அரசின் 2004ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கை வினாடிக்கு 256 கிலோபிட் வேகத்தைக் குறைந்தபட்ச அளவாக வகுத்தது. 2005 ஜனவரியில் பாரத் சஞ்சார் நிகாம் இம்முறையில் சேவையைத் தொடங்கியது.

இம்முறையின் பெருங்குறை தொலைவு. தொலைபேசி நிலையத்திற்கு அருகில் உள்ள வீட்டில் வினாடிக்கு 20 மெகாபிட் வரைகூடக் கிடைக்கும். நான்கைந்து கிலோமீட்டர் அப்பால் உள்ள வீட்டில் அதே கட்டணத்திற்கு அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்லது. மழைக்காலத்தில் மண்ணுக்கடியில் உள்ள இணைப்புகளில் நீர் புகுந்துவிட்டால் தொலைபேசியில் கரகரவென்று சத்தம் கேட்கும். இணையம் நின்று நின்று வரும். தாமிரத்திற்கு விலை உண்டு என்பதால் களவும் உண்டு.

எனினும் தாமிரக் கம்பி நம் நாட்டில் மங்கிப்போனதற்கு இக்குறைகள் மட்டும் காரணமல்ல. ஐரோப்பிய நாடுகளில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் தொலைபேசிக் கம்பி முன்பே இருந்தது. பிராட்பேண்ட் அதன்மேல் ஏறிப் பயணம் செய்தது. நம் நாட்டில் நிலையான தொலைபேசி 2005 வாக்கில் 4 கோடியை எட்டியபோதே கைபேசி அதை முந்திவிட்டது. அதன் பிறகு வீட்டுத் தொலைபேசியை மக்கள் ஒப்படைக்கத் தொடங்கினர். 2020 வாக்கில் அந்த எண்ணிக்கை 2 கோடி அளவிற்கு இறங்கிற்று. பிராட்பேண்ட் தேவை பெருகிய அதே ஆண்டுகளில், அதைச் சுமந்துவர வேண்டிய கம்பி வீடுகளிலிருந்து கழன்றுகொண்டிருந்தது. வீட்டு இணையத்தில் நாம் பின்தங்கியதற்கு இதை ஒரு முதன்மைக் காரணமாக நான் கருதுகிறேன்.

கேபிள்காரரின் வழி

இரண்டாவது வழி தெருவிலேயே இருந்தது. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது வெளிநாட்டுத் தொலைக்காட்சிச் செய்திகளைக் காணும் ஆவலில் நம் நகரங்களில் கேபிள் தொலைக்காட்சி வேகமாகப் பரவியது. தொலைபேசி இல்லாத வீட்டிற்கும் கேபிள் வந்துவிட்டது. அந்தக் கேபிள்காரர்களிற் பலர் பின்னர் இணையத்தையும் வழங்க முற்பட்டனர்.

இதில் இரு முறைகள் உண்டு. ஒன்று, தொலைக்காட்சி வரும் தடித்த கேபிளிலேயே இணையத்தையும் அனுப்புவது. மற்றொன்று, தெரு முனைவரை கண்ணாடி இழையைக் கொண்டுவந்து, அங்கிருந்து கணினி வலையமைப்புக் கம்பியை மாடிக்கு மாடி தாவவிட்டு வீடுகளுக்குக் கொடுப்பது. நம் நகரங்களில் இரண்டாவது முறையே பெரிதும் வழங்கி வந்தது. அந்தக் கம்பி 100 மீட்டருக்கு மேல் சரிவர வேலை செய்யாது. எனவே நூறு மீட்டருக்கு ஒரு பெட்டி வைக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கு யாரோ ஒரு வீட்டிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் ஊருக்குச் செல்லும்போது மெயினை அணைத்துவிட்டால் தெரு முழுவதும் இணையம் நின்றுவிடும். ஓர் இடி முழக்கத்தில் ஏழெட்டு வீடுகளின் கருவிகள் ஒருசேர எரிந்துபோவதும் உண்டு. மாடிகளுக்கிடையே தொங்கும் உலோகக் கம்பி மின்னலின் பாதிப்பை வாங்கிக்கொள்ளும்.

ஆயினும் கேபிள்காரரை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். அவரிடம் ஒரு பெரிய நிறுவனத்திடமும் இல்லாத ஒன்று இருக்கிறது: அவர் அந்தத் தெருவிலேயே வாழ்கிறார். பழுது என்றால் ஓர் எண்ணை அழுத்தி, பிறகு வேறோர் எண்ணை அழுத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மொழியைத் தேர்ந்தெடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. மாலைக்குள் ஏணியோடு ஒரு பையன் வந்துவிடுவான். பெரிய நிறுவனங்களே பல ஊர்களில் இவரைத் தம் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு கண்ணாடி இழையை வீடுகளுக்குக் கொண்டு செல்கின்றன என்பதைக் காணும்போது அவருடைய மதிப்பு விளங்கும்.

கண்ணாடி இழை

இன்றைக்குக் கிடைக்கும் வழிகளில் தலைசிறந்தது கண்ணாடி இழை என்பதில் பொறியாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அந்த இழையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி உண்மையில் செல்லும் நடுப்பகுதியோ அதனினும் மெல்லியது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு அளவே. அத்துணைத் தூய்மையான கண்ணாடியாதலால், நல்ல இழையில் 15 கிலோமீட்டர் சென்ற பிறகே ஒளி பாதியாகக் குறைகிறது. கண்ணாடி துருப்பிடிப்பதில்லை, மின்சாரத்தைக் கடத்துவதில்லை, எடைக்குப் போட்டாலும் காசாகாது.

வீடுகளுக்கு இழையைக் கொண்டுவரும் முறையில் ஒரு சிக்கனம் இருக்கிறது. நிலையத்திலிருந்து ஒவ்வொரு வீட்டிற்கும் தனி இழை வருவதில்லை. ஓர் இழை தெருவரை வந்து, அங்கே ஒரு சிறு பிரிப்பானில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிகிறது. அந்தப் பிரிப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை. ஒளியை வெறுமனே பகிர்ந்து கொடுக்கும் கண்ணாடி அது. நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடையே 20 கிலோமீட்டர் வரை மின்சாரம் கேட்கும் கருவி எதுவும் நடுவில் இல்லை. மாடியில் பெட்டி வைத்து அண்டை வீட்டு மின்சாரத்தை எதிர்பார்க்கும் முறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பகிர்வு என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேன். இம்முறையில் பரவலாக உள்ள வகையில், ஓர் இழை வீடுகளை நோக்கி வினாடிக்குச் சுமார் 2,500 மெகாபிட் கொண்டுவரும். 32 வீடுகளும் ஒரே நொடியில் முழு அளவையும் கேட்டால் வீட்டிற்கு 78 மெகாபிட் அளவிற்குக் கிடைக்கும். அவ்வாறு எல்லோரும் ஒரே நொடியில் கேட்பது அரிது. ஆகையால் 100 மெகாபிட், 200 மெகாபிட் என்று விற்பதில் தவறில்லை. அதே இழையில் மேலும் மேலும் வீடுகளைச் சேர்த்தாலோ, நிலையத்திலிருந்து வெளியுலகிற்குச் செல்லும் வழியைக் குறுகலாக வைத்தாலோ, இரவு எட்டு மணிக்கு எல்லா வீடுகளிலும் படம் பார்க்கும் நேரத்தில் உண்மை வெளிப்படும். வேகத்தைச் சோதிக்க விரும்புவோர் காலை ஆறு மணிக்குச் சோதிக்க வேண்டாம். இரவு எட்டு மணிக்குச் சோதியுங்கள்.

இழைக்கும் பகைவர்கள் உண்டு. எலி கடிக்கும். வாரணாசியில் படித்துறைகளை ஒட்டிப் போடப்பட்ட இழைகளைக் குரங்குகள் பிய்த்துத் தின்றுவிடுவதாக 2015ஆம் ஆண்டில் செய்தி வந்தது. ஆனால் தலையாய பகைவன் மண் தோண்டும் இயந்திரமே. குடிநீர்க் குழாய் பதிக்க ஒரு துறை, சாலையை அகலப்படுத்த ஒரு துறை, மின்வடம் இட ஒரு துறை எனத் தோண்டும்போது கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. திட்டமிடாத தோண்டுதலால் ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுவதாக அரசே மதிப்பிட்டு, தோண்டுவதற்கு முன் தகவல் கொடுப்பதற்கான கைபேசிச் செயலி ஒன்றை 2023 மார்ச்சில் வெளியிட்டது. ஊராட்சி, நகராட்சிப் பொறுப்பில் உள்ளவர்கள் தம் ஒப்பந்தக்காரர்கள் அதைப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டறிய வேண்டும்.

அறுந்த தாமிரக் கம்பியை முறுக்கி ஒட்டுப்போட ஒரு குறடு போதும். கண்ணாடி இழையை அவ்வாறு முறுக்க முடியாது. இரு முனைகளையும் நேராக வெட்டித் தூய்மைசெய்து, நுண்ணோக்கியின் துணையோடு எதிரெதிரே நிறுத்தி, மின்பொறியின் சூட்டில் உருக்கி ஒன்றாக்க வேண்டும். அதற்கான இயந்திரம் சாதாரண மின்பணியாளர் ஒருவர் வாங்கிவிடக்கூடிய விலையில் இல்லை. நகரத்தில் இரண்டு மணி நேரத்தில் முடியும் வேலை, அந்த இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்தவரும் மாவட்டத் தலைநகரில் இருந்தால் கிராமத்தில் இரண்டு வாரம் ஆகிவிடுகிறது.

ஊராட்சி அலுவலகம் வரை

ஊரகங்களுக்கு இழையைக் கொண்டு செல்வதற்கான தேசியத் திட்டத்திற்கு மைய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. சுமார் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளை இணைப்பது இலக்கு. 2015இல் பாரத்நெட் என்ற பெயர் பெற்ற இத்திட்டம் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட ஊராட்சிகளை எட்டியிருக்கிறது. மலையும் காடும் நிறைந்த ஒரு நாட்டில் இது சிறு செயலன்று.

ஆயினும் இரண்டு குறைகளை மனம் திறந்து சொல்லியாக வேண்டும். முதலாவது, இழை ஊராட்சி அலுவலகம் வரைதான் சென்றது. அங்கிருந்து வீட்டிற்கு அதை யார் கொண்டு செல்வது என்பது தெளிவாக வகுக்கப்படவில்லை. பூட்டிய அறையில், மின்சாரம் இல்லாத பெட்டியில், விளக்கு எரியாத கருவியாக அது பல இடங்களில் நின்றுபோயிற்று. இரண்டாவது, இழையின் அமைப்பு நேர்க்கோடாக இருந்தது. ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து முதல் ஊராட்சி, அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று செல்லும்போது முதல் ஊரின் எல்லையில் அறுந்தால் பின்னால் உள்ள எல்லா ஊர்களும் இருளில் மூழ்கும். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம் இவற்றை உணர்ந்தே வகுக்கப்பட்டிருக்கிறது. இழையை வளையமாக அமைத்தால் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகத் தரவு வந்துசேரும். பத்தாண்டுப் பராமரிப்பையும் திட்டச் செலவிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஊரகங்களில் ஒன்றரைக் கோடி வீட்டு இணைப்புகள் என்ற இலக்கும் அதில் உண்டு. இத்தனை கிலோமீட்டர் இழை இட்டோம் என்ற கணக்கு நமக்கு எளிதாகக் கிடைக்கிறது. இட்ட இழை ஆண்டில் எத்தனை நாள் உயிரோடிருந்தது என்ற கணக்கும் ஊராட்சிவாரியாக வெளிவர வேண்டும் என்பது என் கருத்து.

மாநிலங்களும் தத்தம் வழியில் முயல்கின்றன. கேரள அரசு 2023 ஜூனில் தொடங்கிவைத்த கே-ஃபோன் திட்டத்தில், மின்வாரியத்தின் கம்பங்களிலேயே இழை கட்டப்படுகிறது. தெருவுக்குத் தெரு நிற்கும் கம்பத்தைப் பயன்படுத்துவதால் மண்ணைத் தோண்டும் செலவும் தோண்டுவதால் வரும் வெட்டும் குறையும். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இணைப்பு அளிப்பது அதன் நோக்கம். படிப்படியாகவே அது நிறைவேற முடியும். புயல் அடிக்கும் கடற்கரை மாவட்டங்களில் மட்டும் கம்பத்து இழை நல்லதா, மண்ணுக்கடி இழை நல்லதா என்பது உள்ளூரை அறிந்தவர்கள் தீர்மானிக்க வேண்டியது.

காற்று வழி

இழை இழுக்க இயலாத இடத்திற்குக் காற்று வழி. இதில் நம் நாட்டிற்கென்று ஒரு முன்வரலாறு உண்டு. 1990களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையை உருவாக்கினர். வீட்டுக் கூரையில் ஒரு சிறு ஏரியல். தொலைபேசியும் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் இணையமும் ஒருங்கே கிடைக்கும். கம்பி இடும் செலவைத் தவிர்த்துக் கிராமங்களுக்குச் செல்லலாம் என்பதே அதன் கருத்து. தொழில்நுட்பம் மாறிவிட்டது, கருத்து மாறவில்லை.

2022 அக்டோபரில் நம் நாட்டில் ஐந்தாம் தலைமுறைக் கைபேசிச் சேவை தொடங்கிற்று. 2023இன் பிற்பகுதியிலிருந்து அதே கோபுரங்களின் அலைகளைக் கூரையிலோ சன்னலிலோ பொருத்திய கருவியால் பெற்று, வீட்டிற்குள் வைஃபையாக வழங்கும் முறையைப் பெரிய நிறுவனங்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தன. காலையில் கேட்டால் மாலைக்குள் பொருத்திவிடலாம். தெருவைத் தோண்ட வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் இசைவிற்குக் காத்திருக்க வேண்டாம். வாடகை வீட்டில் இருப்போருக்கு இது பேருதவி.

ஆனால் பகிர்வு இங்கேதான் கடுமையாக இருக்கிறது. ஒரு கோபுரத்தின் ஒரு பக்கத்து அலைவரிசையை அந்தப் பகுதியின் எல்லாக் கைபேசிகளும் இத்தகைய வீடுகளும் சேர்ந்து பயன்படுத்துகின்றன. ஒரு வீடு ஒரு மாலையில் செலவிடும் தரவு, ஒரு கைபேசி செலவிடுவதைப்போல் பல மடங்கு. தெருவில் முதல் ஐந்து வீடுகள் எடுத்தபோது கிடைத்த வேகம் ஐம்பதாவது வீட்டிற்குக் கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. மரமும் சுவரும் அலையைத் தடுக்கும். மின்வெட்டு நீண்டால் கோபுரத்தின் மின்கலமும் ஓய்ந்துவிடும். இழை வரும்வரை இருக்கும் நல்ல விருந்தாளியாக இதனைக் கொள்ளலாம்; நிறுவனங்கள் இதைக் காட்டி இழை இடுவதைத் தள்ளிப்போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விண்வெளியும் கடலடியும்

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். ஒரு தட்டு ஏரியலை அதை நோக்கித் திருப்பிவைத்தால் எந்தக் காட்டிலும் எந்த மலையிலும் இணையம் பெறலாம். நம் ஜிசாட்-11 செயற்கைக்கோள் 2018 டிசம்பரில் இந்நோக்கத்தோடே ஏவப்பட்டது. ஆனால் நாம் கேட்கும் கேள்வி மேலே சென்று கீழே இறங்கி, விடையும் அவ்வாறே மேலே சென்று கீழே வர வேண்டும். நான்கு பயணம், 1,43,000 கிலோமீட்டருக்கு மேல். ஒளியின் வேகத்திலேயே சென்றாலும் ஏறக்குறைய அரை வினாடி ஆகும். மின்னஞ்சலுக்கு இது ஒரு பொருட்டன்று. மருத்துவரோடு திரைவழியே பேசும்போது இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். பெருமழையிலும் இணைப்பு மங்கும்.

550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் ஆயிரக்கணக்கான சிறு செயற்கைக்கோள்களைக் கொண்ட புதிய முறையில் இந்தத் தாமதம் மிகவும் குறைகிறது. ஸ்டார்லிங்க் நிறுவனம் 2025 ஜூனில் மைய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து இதற்கான உரிமம் பெற்றது. அதற்கு முன் வேறு இரு நிறுவனங்களும் பெற்றிருந்தன. லடாக்கின் பள்ளத்தாக்குகளிலும் அருணாசலத்தின் மலைகளிலும் இதனால் பயன் விளையலாம். நகரத்துக் குடும்பம் ஒன்று இழையை விட்டுவிட்டு இதற்குச் செல்வதற்கு நான் காரணம் எதையும் காணவில்லை.

செயற்கைக்கோளை மட்டும் நம்பியிருந்த இடங்களில் இழை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தீவுகளே சான்று. சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி இழைவடம் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அன்று போர்ட் பிளேர் எனப்பட்ட தலைநகரம் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்படுகிறது. கொச்சியிலிருந்து இலட்சத்தீவுகளுக்கான வடம் 2024 ஜனவரி 3 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முன் இலட்சத்தீவுகள் அனைத்திற்கும் சேர்த்துச் செயற்கைக்கோள் வழியே இருந்த கொள்ளளவு வினாடிக்கு 1.7 கிகாபிட். வடத்தின் கொள்ளளவு 200 கிகாபிட். இவ்விரு வடங்களும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் செலுத்தும் பங்கிலிருந்து உருவான பொது நிதியில் அமைந்தவை. எந்தத் தனி நிறுவனமும் இலாபக் கணக்குப் பார்த்து அத்தீவுகளுக்கு வடம் இட்டிருக்காது.

கையெழுத்திடும் முன்

விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் கவனிக்க வேண்டியவை சில. 100 மெகாபிட் என்பது 100 மெகாபைட் அன்று. எட்டால் வகுத்தால் வினாடிக்கு 12.5 மெகாபைட். பதிவிறக்க வேகத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பதிவேற்ற வேகத்தைச் சொல்லாமல் விடுவார்கள். வீட்டிலிருந்து பாடம் நடத்தும் ஆசிரியைக்கும், துணிகளைப் படமெடுத்து அனுப்பி விற்கும் பெண்ணுக்கும் இரண்டாவதே முக்கியம். மாதத்தில் இவ்வளவு தரவுக்குப் பிறகு வேகம் குறையும் என்ற நிபந்தனை எங்கோ சிறிய எழுத்தில் இருக்கும். விளம்பரத்தில் உள்ள தொகையோடு 18 விழுக்காடு வரி சேரும்.

அரசின் வரையறை நமக்குத் துணைசெய்யும் என்றும் இருந்துவிட வேண்டாம். 256 கிலோபிட்டாக இருந்த பிராட்பேண்டின் குறைந்தபட்ச அளவு 2013இல் 512 ஆகவும், 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது. தெளிவான படத்தோடு ஒரே ஒரு காணொளி வகுப்பு நடந்தாலே அந்த இரண்டு மெகாபிட்டும் தீர்ந்துவிடும். 94 கோடி என்ற எண்ணிக்கையைப் படிக்கும்போது இதையும் நினைவில் கொள்க.

மின்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய தாமிரத் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் கம்பியில் வந்தது. ஊரே இருண்டாலும் தொலைபேசி பேசும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இழை வந்துள்ள வீட்டில் மின்சாரம் நின்றால் கருவியும் நின்றுவிடும். அந்தக் கருவிக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் போதும். அதற்கென்றே கையளவு மின்கலப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன; இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். புயற்காலத்தில் செய்தி அறிய இதுவே வழி.

எங்கள் ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்திருக்கிறது, வீடுகளுக்குக் கொண்டுவர என்ன செய்யலாம் என்று இங்கு வருகை தந்துள்ள ஊராட்சித் தலைவர் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதலில் அந்தக் கருவி இருக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்; பகலில் அந்த அறை திறந்திருக்கவும், அதற்குத் தனி மின்சுற்று அமையவும் ஊராட்சித் தீர்மானமே போதும். திருத்திய பாரத்நெட் திட்டத்தில் உள்ளூர்த் தொழில்முனைவோர் வருவாய்ப் பங்கின் அடிப்படையில் வீட்டு இணைப்புகள் கொடுக்க இடமுண்டு. உங்கள் ஊர்க் கேபிள்காரரிடம் பேசுங்கள். கம்பமும் ஏணியும் வாடிக்கையாளர் பட்டியலும் அவரிடம் முன்பே இருக்கின்றன. இழையை உருக்கி ஒட்டும் இயந்திரத்தை ஒவ்வோர் ஊரும் வாங்க வேண்டியதில்லை. பக்கத்து ஊராட்சிகள் நான்கைந்து சேர்ந்து ஒன்றை வாங்கி, தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த உள்ளூர் இளைஞர் இருவருக்கு அதில் பயிற்சி அளித்தால், அடுத்த முறை குழாய் பதிப்பவர்கள் இழையை வெட்டும்போது மாவட்டத் தலைநகரிலிருந்து வண்டி வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டியிராது.